பழைய டீசல் பிக்கப்பில் டர்போ தொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து குமுளி வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றும் ஒரு பழைய பொலிரோ பிக்கப்பின் சொந்தக்காரன். 2,523 சிசி, நான்கு சிலிண்டர், டிஐ (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும்) டர்போ எஞ்சின். டர்போ என்றால், எஞ்சின் விடும் புகையால் ஒரு பக்க இறக்கை (டர்பைன்) சுற்ற, அதே ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள இறக்கை காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவி. ஒரு தடவை தேவையே இல்லாமல் டர்போ மாற்றிக் காசைத் தொலைத்தேன். அதற்கப்புறம்தான் இதைப் பற்றிக் கேட்டும் பிரித்தும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். லோடு ஸ்டாண்டில் மற்ற ஓட்டுநர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பம்பும் பைப் போகும் வழியும் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் அந்தக் காலத்து டர்போ டீசல் பிக்கப் எதுவானாலும் பார்க்கும் முறை ஏறக்குறைய இதுதான்.

வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. டர்போ போச்சா?

போயிருக்கலாம். ஆனால் முதல் சந்தேகம் அதன் மேல் விழ வேண்டியதில்லை. முதலில் புகையைப் பாருங்கள். லோடு ஏற்றி, ஒரு மேட்டில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்து ஏறுங்கள். பின்னால் பைக்கில் ஒருவரை வரச் சொல்லுங்கள்.

கரும்புகை தள்ளினால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் அடைப்பு, ஹோஸ் கிழிசல், வேஸ்ட்கேட் (டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிடும் கதவு) திறந்தபடி சிக்கிக்கொள்வது, டர்போ சரியாகச் சுற்றாதது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசலே போதுமான அளவு போகவில்லை. டீசல் ஃபில்டர், டேங்க் உள்ளே இருக்கிற ஜல்லடை, லைனில் காற்று ஏறுவது, இவற்றைப் பாருங்கள். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சில டீசல் பம்புகளின் தலையில் ஒரு டயாஃப்ரம் (அழுத்தத்துக்கு வளைகிற சவ்வு) இருக்கும். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) ஒரு சிறு பைப் அதற்குப் போகும். டர்போ அழுத்தம் அந்த வழியாக வந்து தள்ளினால்தான் பம்ப் கூடுதலாக டீசல் விடும். பென்சில் பருமன்கூட இல்லாத அந்தப் பைப்பில் வெடிப்பு விழுந்தால் டர்போ நன்றாக இருந்தும் வண்டி மாட்டு வண்டி மாதிரிதான் போகும்.

நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

உங்களுக்கு என்னதான் நடந்தது?

லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏற்றத்தில் வண்டி பாதி உயிரோடு நின்றது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கரும்புகைதான் வந்தது, வேகம் வரவில்லை. காலி வண்டியாகச் சமதரையில் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. ஊருக்கு வந்து ஒரு பட்டறையில் விட்டேன். பானெட்டைத் திறந்து இரண்டு தடவை ரேஸ் கொடுத்துக் கேட்டுவிட்டு, "டர்போ காலி" என்றார்கள். ரீகண்டிஷன் டர்போ போட்டுக்கொண்டு வந்தேன். மறுவாரம் அதே ஏற்றத்தில் அதே கரும்புகை.

ஏற்றம் தொடங்கும் முன் ஒரு டீக்கடையில் நிறுத்தி, கூட வந்த பையனை ரேஸ் கொடுக்கச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ், ரேஸ் ஏற ஏற, பால் குடிக்கிற கன்றின் கன்னம் மாதிரி உள்ளே ஒட்டிக்கொண்டது. ரேஸை விட்டதும் பழையபடி உப்பி நின்றது. வருடக்கணக்கில் ஆயில் ஆவி பட்டு ரப்பர் ஊறித் தளர்ந்திருக்கிறது. டர்போ உறிஞ்சுகிற வேகத்துக்கு அதனால் விறைத்து நிற்க முடியவில்லை. சில நூறு ரூபாய் ஹோஸ். மாற்றியதும் வண்டி பழைய மாதிரி ஏறியது.

அதனால்தான் எஞ்சின் நிற்கும்போது மட்டும் ஹோஸைத் தடவிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள். இன்னொன்றும் உண்டு. சில ஹோஸ்களில் வெளித்தோல் கெட்டியாக இருக்கும், உள்தோல் மட்டும் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கி வழியை அடைக்கும். கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

டர்போவுக்கு அப்புறம் உள்ள ஹோஸில் லீக் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபில்டரிலிருந்து டர்போ வரை உறிஞ்சும் பக்கம். டர்போவிலிருந்து, காற்றை ஆற்றும் இன்டர்கூலர் வழியாக (இருந்தால்) இன்டேக் மேனிஃபோல்ட் வரை அழுத்தும் பக்கம். அழுத்தும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் லோடில் மிதிக்கும்போது "புஸ்ஸ்" என்று காற்று போகும் சத்தம் கேட்கும். ஆயில் ஆவியும் தூசியும் கலந்து அந்த இடத்தில் கருப்பாக ஒரு ஈரத் திட்டு படியும். கிளாம்புக்குக் கீழே, ஹோஸ் வளைவின் அடிப்பக்கத்தில், பாடியோடு உரசும் இடத்தில் தேடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற மேல்பக்கம் எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும்.

கண்ணுக்குப் படாவிட்டால் சோப்புத் தண்ணீர் சோதனை. டர்போவின் வாய் அளவுக்கு ஒரு பிவிசி மூடி வாங்கி, அதில் ஓட்டை போட்டு ட்யூப் இல்லாத டயரின் வால்வைப் பொருத்துங்கள். ஃபில்டர் ஹோஸைக் கழற்றிவிட்டு அந்த மூடியைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிரீதர் குழாய் (எஞ்சின் உள்ளே சேரும் ஆவியை வெளியே விடும் குழாய்) அந்த வழியில் சேர்ந்தால் அதையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அடிக்கிற காற்று முழுதும் எஞ்சின் அடிவயிற்றுக்கு (ஆயில் இருக்கும் கீழ்ப்பகுதிக்கு) போகும். 10 பிஎஸ்ஐ போதும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை அப்படியே மாட்டினால் ஹோஸ் பிய்த்துக்கொள்ளும், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் செய்யாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள், நுரை பொங்கும் இடம்தான் ஓட்டை. ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருந்தால் சைலன்சர் பக்கமோ ஆயில் ஊற்றும் மூடிப் பக்கமோ கொஞ்சம் காற்று வரும். அது லீக் இல்லை.

ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் ஈரம். சீல் போய்விட்டது என்கிறார்களே?

லேசான எண்ணெய்ப் பூச்சு பழைய எஞ்சினில் சாதாரணம். பிரீதர் குழாய் எஞ்சினின் ஆயில் ஆவியை டர்போவுக்கு முன்னால் கொண்டுவந்து விடுகிறது, அது உள்ளே ஒட்டாமல் என்ன செய்யும்? விரலில் ஒட்டினால் கவலை வேண்டாம். ஹோஸைச் சாய்த்தால் ஒழுகினால், இன்டர்கூலரைக் கவிழ்த்தால் அரை டம்ளர் கொட்டினால் கவலைப்படுங்கள்.

அப்போதும் டர்போவைக் குறை சொல்லும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டர்போவின் ஆயில் சீல் ரப்பர் கிடையாது. ஷாஃப்டின் இரு முனையிலும் பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு மெல்லிய உலோக ரிங், அவ்வளவுதான். வெளியிலிருந்து காற்றும் புகையும் தள்ளுவதால்தான் ஆயில் உள்ளேயே நிற்கிறது. அந்தச் சமநிலை கெட்டால் புத்தம் புது டர்போவும் ஆயில் கக்கும். கெடுப்பவை நான்கு: ஏர் ஃபில்டர் அடைத்து உறிஞ்சல் அதிகமாவது, ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவது, டர்போவிலிருந்து கீழே இறங்கும் டிரெயின் பைப் நசுங்குவது, பிஸ்டன் ரிங் தேய்ந்து அடிவயிற்றில் அழுத்தம் ஏறுவது. டிரெயின் பைப்பில் ஆயில் பம்பின் தள்ளல் கிடையாது, தன் எடையில்தான் இறங்குகிறது. கீழே அழுத்தம் இருந்தால் இறங்க முடியாமல் சீல் வழியாக வெளியே வரும். ஒரே வருடத்தில் மூன்று டர்போ மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ரிங் போன எஞ்சினில் டர்போவை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

நீலப்புகை எஞ்சினிலிருந்தா, டர்போவிலிருந்தா?

எஞ்சின் சூடான பிறகு பத்து நிமிடம் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) விடுங்கள். பிறகு ஒரு ரேஸ். பெரிய நீல மூட்டம் ஒன்று வந்து, அப்புறம் சுத்தமானால் டர்போ சீல் மேல் சந்தேகம் வைக்கலாம். ஐடிலில் அழுத்தம் இல்லாததால் கசிந்து தேங்கிய ஆயில்தான் அப்படி ஒரேயடியாக எரிந்து போகிறது. வால்வு சீல் தேய்ந்தாலும் இப்படி வரும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலம் என்றால் பெரும்பாலும் வால்வு சீல். எப்போதும் நீலம், ஆயில் மூடியைத் திறந்தால் ரயில் எஞ்சின் மாதிரி "குப் குப்" என்று புகை என்றால் ரிங்.

உறுதியான சோதனை பிரித்துப் பார்ப்பதுதான். டர்போவிலிருந்து சைலன்சருக்குப் போகும் எல்போவைக் கழற்றுங்கள். டர்பைன் வாயில் ஆயில் ஈரம், ஆனால் டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகை வரும் குழாய்) உள்ளே காய்ந்த கரி மட்டும் என்றால் குற்றவாளி டர்போ. மேனிஃபோல்டிலேயே ஈரம் என்றால் எஞ்சின். மெக்கானிக்கிடம் இந்த ஒரு விஷயத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள், பாதி வாக்குவாதம் முடிந்துவிடும்.

கையால் ஆட்டிப் பார்த்தேன், ஷாஃப்ட் ஆடுகிறது. மாற்ற வேண்டுமா?

எந்தப் பக்கம் ஆடுகிறது? ஷாஃப்ட் இந்த வகை டர்போவில் ஆயில் படலத்தில் மிதக்கிற புஷ்ஷில் நிற்கிறது. லோடில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அப்போது அது உலோகத்தைத் தொடுவதே இல்லை. எஞ்சின் நின்று ஆயில் இறங்கியதும் அந்த இடைவெளி காலியாகி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்துதான் பல நல்ல டர்போக்கள் குப்பைக்குப் போகின்றன.

எஞ்சின் ஆறட்டும். பேட்டரி வயரையும் டர்போ வாயில் உள்ள ஃபில்டர் ஹோஸையும் கழற்றிவிட்டு, ஷாஃப்டின் நுனி நட்டை இரண்டு விரலில் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். இந்தத் திசையில் கைக்குத் தெரிகிற மாதிரி "டிக் டிக்" என்று ஆடக் கூடாது. பிறகு ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். இறக்கை ஹவுசிங்கில் உரசினால் ஆயுள் முடிந்தது. ஹவுசிங்கின் உள்சுவரில் டார்ச் அடித்துப் பளபளக்கிற வட்டக் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஓடும்போது உரசியதற்கு அது சாட்சி. இறக்கை நுனிகளில் கடித்த மாதிரி பள்ளம் இருந்தால் ஏதோ உள்ளே போயிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அந்த வாயருகே விரலோ துணியோ கொண்டுபோகாதீர்கள்.

வேஸ்ட்கேட் என்பது என்ன? அது கெட்டால் என்ன ஆகும்?

அழுத்தம் போதுமான அளவு ஏறியதும் கொஞ்சம் புகையை டர்பைனுக்குள் விடாமல் பக்கவழியில் திருப்பிவிடும் கதவு. அதைத் திறப்பது ஒரு சின்ன டப்பாவும் கம்பியும் (ஆக்சுவேட்டர்).

இதில் பட்டறைகளில்கூடத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். டப்பாவின் டயாஃப்ரம் கிழிந்தாலோ, அதற்கு வரும் பைப் கழன்றாலோ கதவு திறக்கவே திறக்காது. அப்போது அழுத்தம் குறையாது, அளவு மீறும். ஹோஸ் கிளாம்பிலிருந்து பிய்த்துக்கொள்வது, கேஸ்கட் போவது எல்லாம் அப்படி வரலாம். இழுவை குறைகிறது என்றால் பார்க்க வேண்டியது கதவு கரி பிடித்துத் திறந்தபடி நிற்கிறதா என்பதை. பின்னால் வந்த சில எஞ்சின்களில் வேக்குவம் வைத்து டர்போவை ஆட்டுகிறார்கள். அவற்றில் மட்டும் பைப் கழன்றால் இழுவை போகும். உங்கள் வண்டி எது என்று தெரியாமல் டப்பாவை மாற்றச் சொல்லாதீர்கள்.

சோதிக்க, கேஜ் உள்ள கைப்பம்ப் ஒன்று போதும். மெதுவாக அழுத்தம் கொடுங்கள். கம்பி வழுக்கிக்கொண்டு நகர வேண்டும், அழுத்தம் இறங்காமல் நிற்க வேண்டும், விட்டதும் முழுசாகத் திரும்ப வேண்டும். கம்பியில் இருக்கிற நட்டைத் திருகி "பவர் ஏற்றித் தருகிறேன்" என்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

விசில் சத்தம் வருகிறது. பயப்பட வேண்டுமா?

லோடில் மெல்லிய விசில் எப்போதும் இருந்ததுதான் என்றால் இல்லை. போன மாதம் இல்லாமல் இப்போது ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்குகிறது என்றால் இறக்கை உரசுகிறது, உடனே நிறுத்துங்கள். "டப் டப்" என்று புகை கக்கும் சத்தம், பக்கத்தில் கரிக்கோடு என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட். அந்தப் புகை டர்பைனைச் சுற்றாமல் வீணாகப் போவதால் இழுவையும் குறையும்.

பூஸ்ட் கேஜ் மாட்டினால் பிரயோஜனம் உண்டா?

எனக்கு மிகவும் உதவியது. இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு T வடிவப் பைப் போட்டு, டர்போ தள்ளும் அழுத்தத்தைக் காட்டும் கேஜைக் கேபினுக்குள் வைத்தேன். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்த்தால் முள் லேசாகத்தான் அசையும், அதைப் பார்த்து டர்போ போச்சு என்று முடிவு கட்டக் கூடாது. லோடும் மேடும் இருந்தால்தான் முழு அழுத்தம் வரும். வண்டி நன்றாக இருக்கும் நாளில் ஒரு பழகிய ஏற்றத்தில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். அப்புறம் என்றைக்காவது அதே இடத்தில் பாதிதான் காட்டினால், புகை வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காமல் ஓடுகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை, இங்கே எழுதியிருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். சீல் முழுசாகப் போய் இன்டேக் வழியாக ஆயில் கொட்டினால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கி ஓடும். சாவியோ ஸ்டாப் கேபிளோ டீசலைத்தான் நிறுத்தும். வேகம் தானாக ஏறும், ஊரே மறைகிற அளவுக்கு வெண்நீலப் புகை வரும்.

ஓட்டும் இருக்கையில் இருந்தால்: பிரேக்கை முழுசாக அழுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, மேல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை அமுக்கி நிறுத்துங்கள். நியூட்ரலில் போடாதீர்கள். முன்னால் ஆள் இருந்தால் விலகச் சொல்லுங்கள். காற்று உள்ளே போகும் வாயைப் பலகை அல்லது தட்டையான இரும்புத் தகட்டால் மூடினாலும் நிற்கும். ஆனால் எஞ்சின் அலறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பது உயிரோடு விளையாட்டு. கையால், துணியால் அடைக்கவே கூடாது. முடியாவிட்டால் தள்ளிப் போய்விடுங்கள்.

டர்போ ஏன் சாகிறது?

ஆயில் குறைவது, ஆயில் அழுக்காவது, தூசியோ துண்டோ உள்ளே போவது. பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

மலை ஏறி வந்ததும் அணைப்பதும் இதில் சேரும். டர்பைன் பக்கம் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும்போது எஞ்சினை நிறுத்தினால் ஆயில் ஓட்டமும் நிற்கிறது. உள்ளே தங்கிய ஆயில் வறுபட்டு, தோசைக்கல்லில் பிடித்த கரி மாதிரி இறுகிவிடும். குமுளியோ திம்பமோ ஏறி நின்றால் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். அதற்காக அரை மணி நேரம் விட வேண்டாம், சீலைப் பற்றி மேலே சொன்னது ஞாபகம் இருக்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேஸ் கொடுப்பதும் தப்பு, ஆயில் மேலே வர நேரம் கொடுங்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் பட்டறையில் எதைக் கவனிப்பது?

கூடவே நில்லுங்கள். ஆயில் ஃபீட் பைப்பைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதன் உள்ளே கரி இருக்கும். ஆயில் ஃபிளாஞ்சில் (ஆயில் பைப் டர்போவோடு பொருந்தும் முகத்தில்) சிலிக்கான் பேஸ்ட் தடவ விடாதீர்கள். பிதுங்கி உடைந்த ஒரு துணுக்கு போதும், ஆயில் துளையை அடைக்க. இன்டர்கூலரையும் ஹோஸ்களையும் கழுவ வேண்டும், பழைய டர்போவின் துண்டு அங்கே இருக்கலாம். உள்ளே தேங்கிய ஆயிலும் எஞ்சினுக்குள் போய் வேலையைக் காட்டும். புது ஆயில், புது ஆயில் ஃபில்டர். டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட வேண்டும். பிறகு டீசலை நிறுத்திவிட்டு, ஆயில் பிரஷர் வரும் வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்ற வேண்டும். அப்புறம்தான் ஸ்டார்ட்.

ரீகண்டிஷன் வாங்கினால் பேலன்சிங் மெஷினில் போட்டார்களா என்று கேளுங்கள். புஷ்ஷும் ரிங்கும் மட்டும் மாற்றிக் கொடுத்தால் அந்த வேகத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது.

டர்போவைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா?

டர்போ இருந்த இடத்தைப் பிளேட் அடித்து மூடி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பம்பில் டீசலைக் குறைக்காவிட்டால் கரும்புகையும் சூடும்தான் மிச்சம். குறைத்தால் லோடு இழுக்காது. புகைச் சான்றிதழ் எடுக்கிற இடத்திலும் மாட்டிக்கொள்வீர்கள்.

கழற்றிய பழைய டர்போவைப் பார்த்து ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

நிறைய. ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் பட்டினி. புஷ்ஷில் கோடு கோடாகக் கீறியிருந்தால் அழுக்கு ஆயில். உறிஞ்சும் பக்க இறக்கை மழுங்கித் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. டர்பைன் பக்க இறக்கை அடிபட்டிருந்தால் எஞ்சினுக்குள்ளிருந்து ஏதோ உடைந்து வந்திருக்கிறது, அதைத் தேடாமல் புதியதைப் போடாதீர்கள்.

என்னுடையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் பில்லில் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். எதற்கோ தோன்றிக் கையோடு வாங்கி வந்தேன். ஷாஃப்ட் நீலம் இல்லை, கீறல் இல்லை, முன்பின் ஆட்டமும் இல்லை. இன்றும் வீட்டுப் பரணில் கோணிப்பையில் இருக்கிறது. விரலால் தட்டிவிட்டால் சத்தமே இல்லாமல் சுற்றி நிற்கும்.